அதி அகலக்கோண வில்லையின் வரலாறு

சாதாரண வில்லையைவிட மிகப் பரந்த காட்சியை ஒரே படத்தில் அடக்கும் ஒளிப்பட வில்லை அகலக்கோண வில்லை எனப்படும். ஒரு வில்லை எவ்வளவு பரப்பைக் காணும் என்பதை அதன் குவியத்தொலைவும் பிலிமின் அளவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 36 × 24 மி.மீ. அளவுள்ள பிலிமில் (இன்று ஃபுல் ஃபிரேம் சென்சார் என்று சொல்வதும் இதே அளவுதான்) 50 மி.மீ. வில்லை மூலைக்கு மூலை ஏறத்தாழ 47 பாகை காணும். 24 மி.மீ. வில்லை 84 பாகை காணும். அதற்கும் கீழே 20, 14, 12 மி.மீ. என்று இறங்கினால் முறையே 94, 114, 122 பாகை கிடைக்கும். இந்தக் கடைசிக் கூட்டத்தைத்தான் அதி அகலக்கோண வில்லைகள் என்கிறோம். கடைகளில் ‘அல்ட்ரா வைட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

இவ்வில்லைகளைத் தேடுவோர் பெரும்பாலும் இரு வகையினர். ஒருவர் மலை, கடல், வயல்வெளி போன்ற நிலக்காட்சிகளைப் படமெடுப்பவர். மற்றவர் கோயில் மண்டபம், வீடு, நூலகம் போன்ற கட்டடங்களின் உட்புறத்தைப் படமெடுப்பவர். முன்னவர் வேண்டுமானால் பத்தடி பின்னால் போகலாம். காலடியில் உள்ள பூவும் தொலைவில் உள்ள மலையும் ஒரே படத்தில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவர் அகலத்தை நாடுகிறார். பின்னவர் நகர முடியாது; முதுகில் சுவர் இடிக்கும். வில்லையின் வரலாற்றை முன்னே தள்ளியதில் இந்த முதுகுச் சுவருக்குப் பெரும் பங்குண்டு.

அகலம் சும்மா கிடைப்பதில்லை. மூலைகளில் வெளிச்சம், கோடுகளின் நேர்மை, உருவங்களின் வடிவம், கருவியின் எடை ஆகியவற்றுள் ஏதாவது ஒன்றை விலையாகக் கொடுத்துத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது. எந்தக் காலத்தில் எதைக் கொடுத்தார்கள் என்பதே இந்த வரலாறு. இன்று கடையில் வில்லை தேர்ந்தெடுப்பவரும் அதே பேரத்தைத்தான் நடத்துகிறார்.

ஒட்டிய படங்கள்

1839-இல் டகேரியோ முறை வெளியானபோது கேமராக்களில் இருந்தது, பாரிசின் செவாலியே செய்தது போன்ற எளிய நிலக்காட்சி வில்லை. அது ஏறத்தாழ 50 பாகைதான் கண்டது. 1840-இல் யோசப் பெட்சுவால் வடிவமைத்த உருவப்பட வில்லை வெளிச்சத்தை மிக அதிகமாக உள்ளே விட்டது. ஆனால் அதன் பார்வைக் கோணம் இன்னும் குறுகியது. ஆக, பெரிய கட்டடத்தை எடுக்க வந்தவருக்கு இருந்த வழி, பல படங்கள் எடுத்து ஒட்டுவதுதான்.

இதற்குச் சிறந்த சான்று தமிழகத்தில் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைப் பதிவு செய்ய 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே பட்டையாக ஆக்கினார். எழுத்துகளைப் படிக்கும் அளவுக்கு நுணுக்கம் வேண்டும், சுவரோ நீளம். எந்த ஒற்றை வில்லையும் அன்று இதைச் செய்திருக்க முடியாது. இன்று கணினியில் படங்களைத் தைப்பவர்கள் செய்வதும் அடிப்படையில் இதுவே.

நீர் நிரம்பிய உருண்டை

அடுத்த ஆண்டே, 1859-இல், இங்கிலாந்தின் தாமஸ் சட்டன் ஒரு வினோதமான வில்லைக்குக் காப்புரிமை பெற்றார். தடித்த இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களைச் சேர்த்து, நடுவில் தண்ணீர் நிரப்பிய உருண்டை அது. உருண்டைக்கு எல்லாத் திசையும் ஒன்றே. நேரே வரும் ஒளியும் பக்கவாட்டில் வரும் ஒளியும் அதற்குள் ஒரே மாதிரி விலகும். அதனால் 120 பாகை அகலத்துக்குத் தெளிவான பிம்பம் கிடைத்தது.

ஆனால் அந்தப் பிம்பம் தட்டையான தளத்தில் விழவில்லை. வளைந்த பரப்பில் விழுந்தது. எனவே தகடும் வளைந்த கண்ணாடியாக இருக்க வேண்டியதாயிற்று. அது ஈரக் கொலோடியன் காலம். தகட்டில் மருந்தைச் சீராக ஊற்றி, ஈரம் காயும் முன் படமெடுத்துக் கழுவ வேண்டும். தட்டைக் கண்ணாடியிலேயே அதற்குக் கைப்பழக்கம் வேண்டும். வளைந்த கண்ணாடியில் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். படியெடுக்கும் சட்டமும் வளைவாகவே வேண்டும். சட்டனின் வில்லை பரவாமல் போனதில் வியப்பில்லை.

இதே சட்டன் 1861-இல் இன்னொரு காப்புரிமையும் பெற்றார். கேமராவுக்குள் சாய்வாக ஓர் ஆடியை வைத்து, வில்லை காண்பதையே படமெடுப்பவரும் காணச் செய்யும் எஸ்.எல்.ஆர். கேமராவின் முன்னோடி அது. அந்த ஆடி நூறு ஆண்டுகளுக்குப் பின் அகலக்கோண வில்லைக்கே குறுக்கே வந்து நின்றதைக் கீழே காண்போம்.

சமச்சீரின் வலிமை

அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹாரிசன், யோசப் சினிட்சர் இருவரும் 1862-இல் காப்புரிமை பெற்ற ‘குளோப்’ வில்லை தட்டைத் தகட்டிலேயே ஏறத்தாழ 80 பாகையை அடக்கியது. முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பது போன்ற அமைப்பு. இரண்டின் வெளிப்பரப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே கோளத்தின் பகுதிகளாக இருந்தன, பெயரும் அதனால்தான். உள்ளுக்குள் எதிரொளித்த வெளிச்சம் படத்தின் நடுவில் பேய்போல ஒரு வெண்புள்ளியை விட்டுச் சென்றது அதன் தீராத குறை.

இந்தச் சமச்சீர் அமைப்பு ஏன் முக்கியம் என்பதை இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒற்றை வில்லைக்கு முன்னால் துளையை வைத்தால் படத்தின் ஓரத்து நேர்கோடுகள் பீப்பாயின் பக்கம்போல வெளியே உப்பும். துளையை வில்லைக்குப் பின்னால் வைத்தால் அதே கோடுகள் உள்ளே வளையும். துளையின் இருபுறமும் ஒரே மாதிரி வில்லைகளை வைத்தால் ஒன்றின் பிழையை மற்றது தின்றுவிடும், கோடு நேராகும். 1865-இல் ஜெர்மனியின் ஸ்டைன்ஹைல் செய்த பெரிஸ்கோப்பும், 1866-இல் அதே நிறுவனத்தின் அப்லனாட்டும், அதே ஆண்டில் இங்கிலாந்தில் டால்மேயர் செய்த ரேபிட் ரெக்டிலீனியரும் இந்த வழியில் வந்தவை. ‘ரெக்டிலீனியர்’ என்றால் நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டுவது என்று பொருள். கட்டடங்களைப் படமெடுத்தவர்களின் தேவை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

ஹைப்பர்கானும் காற்றாடியும்

1900-இல் கோயர்ட்ஸ் நிறுவனத்துக்காக எமில் ஃபான் ஹோய்க் வடிவமைத்த ஹைப்பர்கான், இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தது. ஏறக்குறைய அரைக்கோளமாக வளைந்த இரண்டே இரண்டு மெல்லிய கண்ணாடிகள். அவ்வளவுதான். அது கண்டது 135 பாகை, அதுவும் நேர்கோடுகளை நேராகவே வைத்துக்கொண்டு. இன்றும் இந்த அளவை எட்டும் வில்லைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

விலை வெளிச்சத்தில் இருந்தது. அதன் துளை எஃப்/22. அதனால் படமெடுக்க நெடுநேரம் பிடிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், மூலைகள் இருண்டுபோவது. காரணம் எளிய கணக்குதான். சாய்வாக வரும் ஒளிக்குத் துளை வட்டமாகத் தெரியாது, ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். இது ஒரு கொசைன். தகட்டின் மூலை நடுப்பகுதியைவிடத் தொலைவில் உள்ளது. தொலைவின் இருமடி விதிப்படி இரண்டு கொசைன்கள். அந்த ஒளி தகட்டில் சாய்வாக விழுந்து பரவுகிறது, இன்னொரு கொசைன். மொத்தம் நான்கு. எனவே நடுவில் உள்ள வெளிச்சத்தை 1 என்று கொண்டால், 90 பாகை காணும் வில்லையின் மூலையில் (அச்சிலிருந்து 45 பாகை) கிடைப்பது 1/4. 120 பாகை வில்லைக்கு 1/16. 135 பாகைக்கு ஏறத்தாழ 1/47.

நாற்பத்தேழில் ஒரு பங்கு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹைப்பர்கானின் முகப்பில் விண்மீன் வடிவில் ஒரு சிறு காற்றாடியைப் பொருத்தினார்கள். படமெடுப்பவர் ரப்பர் குமிழை அழுத்தக் காற்று பாய்ந்து அது சுழலும். சுழலும்போது நடுவில் வரும் ஒளியைத் தடுத்து ஓரத்து ஒளியை விடும். மூலைகள் போதிய அளவு பதிந்ததும் காற்றாடியை விலக்கிவிட்டு நடுப்பகுதிக்குச் சிறிது நேரம் தருவார்கள். இருண்ட தேவாலயத்துக்குள் ஒருவர் ரப்பர் குமிழை அழுத்திக்கொண்டு நிற்கும் காட்சியைக் கற்பனை செய்தால், இன்றைய கேமராவின் மூலை இருட்டைப் பற்றிக் குறைப்பட மனம் வராது.

வானிலிருந்து வந்த உதவி

இருபதாம் நூற்றாண்டின் பெரும் முன்னேற்றம் அறைக்குள்ளிருந்து வரவில்லை; விமானத்திலிருந்து வந்தது. நிலப்படம் வரைய வானிலிருந்து படமெடுக்கையில் வில்லை எவ்வளவு அகலமாகக் காண்கிறதோ அவ்வளவுக்கு விமானம் பறக்க வேண்டிய தடவைகள் குறையும். அதே நேரத்தில் கோடு சற்று வளைந்தாலும் நிலத்தின் அளவு தவறிவிடும். பறக்கும் விமானத்தில் ஹைப்பர்கானின் எஃப்/22 உதவாது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் ரிக்டர் 1933-இல் வடிவமைத்த டோப்போகான், 100 பாகையை எஃப்/6.3 துளையிலேயே தந்தது.

மூலை இருட்டுக்கு உண்மையான மருந்தைக் கண்டவர் சோவியத் ஒன்றியத்தின் மிகயீல் ருசீனவ். 1946-இல் வெளிவந்த அவரது வடிவமைப்பில் முன்னும் பின்னும் மிகப் பெரிய குழிவில்லைகள் இருந்தன. இவற்றின் வழியே பக்கவாட்டில் பார்த்தால் துளை ஒடுங்கித் தெரியாமல் அகன்றே தெரியும். மேலே சொன்ன நான்கு கொசைன்களில் ஒன்று இப்படிக் குறைந்தது. 45 பாகையில் 1/4 ஆக இருந்த வெளிச்சம் 0.35 ஆக உயர்ந்தது. சிறிய எண்தான், ஆனால் இயற்கை விதி என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் கிடைத்த இலாபம் அது.

இதே பாதையில் சென்ற லுட்விக் பெர்டெலே விமானப் படத்துக்கான அவியோகானையும், அதன் தம்பியான பயோகானையும் வடிவமைத்தார். 1954-இல் ஹாசல்பிளாட் நிறுவனம் 38 மி.மீ. பயோகான் வில்லைக்காகவே ஒரு கேமராவைச் செய்தது. அந்த நிறுவனத்தின் மற்றக் கேமராக்களில் இருந்த ஆடி இதில் இல்லை, ஏனெனில் வில்லையின் பின்பகுதி பிலிமை உரசும் அளவுக்கு நெருங்கி நிற்கும். குறி பார்க்க மேலே தனி வியூஃபைண்டர். கேமரா சாயாமலிருக்க, கொத்தனார் வைத்திருப்பது போன்ற ஒரு ரசமட்டம். 90 பாகை, வளையாத கோடுகள். கட்டடக்கலைப் படங்களில் அரை நூற்றாண்டு காலம் இதற்குத் தனி மதிப்பு இருந்தது.

பயோகான் நிலவுக்கும் போயிற்று. 1969-இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவின் தரையில் பயன்படுத்திய ஹாசல்பிளாட் கேமராவில் இருந்தது 60 மி.மீ. பயோகான். அது அதி அகலம் அல்ல. நேர்கோட்டு நேர்மைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்படங்களில் தெரியும் சிறு கூட்டல் குறிகள், படத்திலிருந்து தொலைவுகளை அளப்பதற்காகப் பொறிக்கப்பட்டவை.

குறுக்கே நின்ற ஆடி

1950-களின் இறுதியில் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பரவின. இப்போது சட்டனின் ஆடி பழிவாங்கியது. ஆடி மேலும் கீழும் எழும்பி அடங்க வில்லைக்கும் பிலிமுக்கும் நடுவே இடம் வேண்டும். நிக்கான் எஃப் கேமராவில் வில்லை பொருந்தும் விளிம்புக்கும் பிலிமுக்கும் உள்ள தொலைவு 46.5 மி.மீ. ஆனால் 21 மி.மீ. சமச்சீர் வில்லையோ பிலிமுக்கு மிக அருகில் நிற்க வேண்டியது. 1959-இல் நிக்கான் தந்த 21 மி.மீ. வில்லையை மாட்ட வேண்டுமானால் ஆடியை மேலே தூக்கிப் பூட்டிவிட வேண்டும். பிறகு குறி பார்க்கத் தனி வியூஃபைண்டர் வைக்க வேண்டும். எஸ்.எல்.ஆர். வாங்கியதன் பயனே போயிற்று.

மாற்று வழி 1950-இல் பிரான்சின் ஆஞ்செனியூ 35 மி.மீ. வில்லையில் வந்தது. முன்னால் பெரிய குழிவில்லை, பின்னால் குவிவில்லைத் தொகுதி. தொலைநோக்கி வில்லையைத் திருப்பி வைத்தது போன்ற இவ்வமைப்பில், குவியத்தொலைவு சிறிதாக இருந்தாலும் பிம்பம் வில்லையிலிருந்து வெகுதூரம் தள்ளி விழும். ஆடிக்கு இடம் கிடைத்தது. ‘ரெட்ரோஃபோகஸ்’ என்று அந்நிறுவனம் வைத்த பெயரே பொதுப் பெயராயிற்று. ஆனால் சமச்சீர் போயிற்று. அதோடு கோடுகளின் நேர்மையும் போயிற்று. பீப்பாய் வளைவைத் திருத்த மேலும் மேலும் கண்ணாடிகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. கணினிகள் வந்த பிறகே இந்தக் கணக்கு கட்டுக்குள் வந்தது.

இரண்டு வழிகளின் வேறுபாட்டை இரண்டு வில்லைகளில் காணலாம். 1969-இல் சைஸ் நிறுவனம் 15 மி.மீ. ஹோலோகான் வில்லையைப் பொருத்திய, ஆடி இல்லாத ஒரு கேமராவை விற்றது. வடிவமைத்தவர் எர்ஹார்ட் கிளாட்சல். மூன்றே கண்ணாடிகள், 110 பாகை, கோடுகள் நேர். துளை எஃப்/8-இலேயே நிலைத்தது, மாற்ற முடியாது. வில்லை அவ்வளவு அகலமாகக் கண்டதால் பிடித்திருப்பவரின் விரல்களே படத்தில் விழுந்தன. அதற்காகத் துப்பாக்கிப் பிடி போன்ற ஒன்றைக் கூடவே கொடுத்தார்கள். 1976-இல் நிக்கான் தந்த 13 மி.மீ. வில்லை எஸ்.எல்.ஆரில் ஆடியைத் தொடாமல் மாட்டக்கூடியது, 118 பாகை. அதற்கு வேண்டியிருந்த கண்ணாடிகள் 16, எடை ஏறத்தாழ 1.2 கிலோ. ஆடிக்குக் கொடுத்த வாடகை அது.

மீன்விழி வில்லை இவற்றிலிருந்து வேறுபட்டது. 1906-இல் ராபர்ட் உட் நீருக்குள்ளிருந்து மீன் உலகைக் காணும் விதத்தை ஆராய்ந்தார். 1924-இல் ராபின் ஹில் முழு வானத்தின் மேகங்களையும் ஒரே படத்தில் எடுக்கும் வில்லையை விவரித்தார். நேர்கோடு என்ற நிபந்தனையைக் கைவிட்டால் 180 பாகையும் எளிது. கட்டடத்துக்கு அது உதவாது என்பதால் இங்கே விட்டுவிடுவோம்.

கோட்டைக் காப்பதா, உருவத்தைக் காப்பதா

நேர்கோட்டை நேராகக் காட்டும் வில்லை பிழையற்றது என்று எண்ணிவிடக் கூடாது. கோட்டைக் காப்பதால் உருவம் இழுபடுகிறது. படத்தின் ஓரத்தில் உள்ள பந்து முட்டையாகும். எவ்வளவு என்பதற்கும் கொசைனே விடை: அச்சிலிருந்து விலகிய கோணத்தின் கொசைனால் 1-ஐ வகுத்தால் போதும். 24 மி.மீ. வில்லையின் இடவலப் பக்க விளிம்பில் இது 1.25 மடங்கு. 14 மி.மீ. வில்லையில் 1.63 மடங்கு. பள்ளிக் குழுப்படத்தில் ஓரத்தில் நிற்கும் ஆசிரியர் மட்டும் ஏன் தடித்துத் தெரிகிறார் என்பதற்கு விளக்கம் இதுதான். (ஓரத்தில் நின்று பழக்கப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.)

இது ஓவியர்களுக்கும் தெரிந்திருந்தது. வத்திக்கானில் ராஃபேல் 1509-க்கும் 1511-க்கும் இடையில் தீட்டிய ‘ஏதென்சின் பள்ளி’ சுவரோவியத்தில் கட்டடம் முழுவதும் கண்டிப்பான நேர்கோட்டு முறையில் வரையப்பட்டிருக்கிறது. ஆனால் வலது ஓரத்தில் இருவர் ஏந்தியுள்ள கோளங்களைக் கணக்குப்படி முட்டையாக வரையாமல் வட்டமாகவே வரைந்தார். கட்டடத்துக்கு ஒரு விதி, பொருளுக்கு ஒரு விதி. வில்லைக்கு இந்தச் சலுகை இல்லை.

உண்மையில் படம் பொய் சொல்வதில்லை. நாம் பார்க்கும் தொலைவுதான் தவறு. 14 மி.மீ. வில்லையால் எடுத்த படத்தைப் பத்து மடங்கு பெருக்கி 36 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால், அதைச் சரியான தொலைவிலிருந்து பார்க்கக் கண்ணைத் தாளிலிருந்து 14 செ.மீ.க்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிப் பார்த்தால் முட்டை மறுபடி பந்தாகும். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கைநீளத் தொலைவில் வைத்துப் பார்க்கும்போது அறை இருப்பதைவிட நீளமாகவும் விசாலமாகவும் தோன்றுகிறது. வீடு விற்பனை விளம்பரங்களில் பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம்போலத் தெரிவதன் இரகசியம் இதுவே.

கட்டடம் எடுப்பவரின் இன்னொரு தொல்லை, கூரையையும் சேர்க்கக் கேமராவை அண்ணாந்து வைத்தால் தூண்கள் உள்நோக்கிச் சாய்வது. பழைய மடிப்புக் கேமராக்களில் கேமராவை மட்டமாக வைத்துக்கொண்டு வில்லையை மட்டும் மேலே நகர்த்தலாம். சிறு கேமராக்களில் அந்த வசதி போய்விட்டது. 1962-இல் நிக்கானின் நகரும் 35 மி.மீ. வில்லை அதை மீட்டுத் தந்தது. கேனன் 2009-இல் தந்த 17 மி.மீ. டி.எஸ்.-ஈ வில்லையில் நகர்த்தவும் சாய்க்கவும் முடிந்ததோடு, அதி அகலமும் சேர்ந்தது. நிலக்காட்சி எடுப்பவருக்கு இது ஆடம்பரம். உட்புறம் எடுப்பவருக்கு அடிப்படைக் கருவி.

நான் பணியாற்றிய பள்ளியில் மரத்தூண்கள் நின்ற பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்று இருந்தது. இடிக்கும் முன் ஒரு படமாவது எடுத்துவைக்கலாம் என்று இரவல் கேமராவோடு உள்ளே போனேன். வில்லையின் முன்னால் திருகிக்கொள்ளும் மலிவான ஒரு கூட்டுவில்லை அதில் இருந்தது. ஓடுகளும் தெரிய வேண்டுமென்று அண்ணாந்து எடுத்தேன். ஓரத்துத் தூண்கள் வில்லாக வளைந்து, நடுத்தூண்கள் கூம்பிப்போய்விட்டன. பிறகு கணினியில் நிமிர்த்தியபோது, நிமிர்ந்த தூண்களுக்கு விலையாக மூலைகள் வெட்டுப்பட்டன. மணி தொங்கிய மூலை படத்துக்கு வெளியே போய்விட்டது. நிமிர்த்தாத படம்தான் இப்போது அங்கே மாட்டியிருக்கிறது. கட்டடத்தைப் பார்த்திராத பிள்ளைகள் “தூண் ஏன் சார் சாய்ஞ்சிருக்கு?” என்று கேட்கிறார்கள். இரண்டடி உயர முக்காலியும் ஒரு ரசமட்டமும் இருந்திருந்தால் போதும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

டிஜிட்டல் காலம்

தொடக்க கால டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.களின் சென்சார் பிலிமைவிடச் சிறியது. அதனால் 14 மி.மீ. வில்லை அவற்றில் 21 மி.மீ. வில்லையின் அகலத்தையே தந்தது. அகலம் விரும்பியவர்கள் ஒரே நாளில் அதை இழந்தார்கள். 2003-இல் நிக்கானின் 12-24 மி.மீ. வில்லையும் 2004-இல் கேனனின் 10-22 மி.மீ. வில்லையும் சிறிய சென்சாருக்கென்றே வந்தன. முழு அளவு சென்சாருக்கு 2007-இல் நிக்கானின் 14-24 மி.மீ. எஃப்/2.8 வில்லையும், 2015-இல் 126 பாகை காணும் கேனனின் 11-24 மி.மீ. வில்லையும் வந்தன. பின்னதன் எடை 1,180 கிராம். இவற்றின் முன்கண்ணாடி குமிழாகப் புடைத்திருப்பதால் சாதாரண ஃபில்ட்டரைத் திருக முடியாது. அருவியைப் பட்டுப்போல எடுக்க இருண்ட ஃபில்ட்டர் போடும் நிலக்காட்சிக்காரருக்கு இது பெரிய குறை.

பிறகு ஆடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்தன. நிக்கான் இசட் வகையில் வில்லைக்கும் சென்சாருக்கும் இடைத்தொலைவு 16 மி.மீ.தான். அதே 14-24 மி.மீ. எஃப்/2.8 வில்லையின் எடை ஏறத்தாழ ஒரு கிலோவிலிருந்து 650 கிராமாகக் குறைந்தது. அப்படியானால் ஹோலோகான் காலத்து மூன்று கண்ணாடி அமைப்புக்கே திரும்பலாமே என்று தோன்றும். முடியவில்லை. பிலிம் சாய்ந்த ஒளியையும் ஏற்கும். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிணறு போன்றது. உச்சி வெயில் கிணற்றின் அடிவரை இறங்கும். சாயங்கால வெயில் கிணற்றுச் சுவரோடு நின்றுவிடும். பழைய சமச்சீர் வில்லைகளை மாட்டினால் படத்தின் ஓரங்கள் இருண்டு, ஊதா கலந்த நிறமேறுவது இதனால்தான். ஆடிக்காகப் பிறந்த ரெட்ரோஃபோகஸ் அமைப்பு, ஒளியைச் சற்று நிமிர்த்தி அனுப்புவதால், ஆடி போன பின்னும் வேறொரு காரணத்துக்காகத் தொடர்கிறது.

மென்பொருளும் இப்போது ஒரு கண்ணாடியாகிவிட்டது. பல புதிய வில்லைகள் கோட்டு வளைவை முழுதும் திருத்தாமல் கேமராவின் கணினியிடம் விட்டுவிடுகின்றன. 2019-இல் வந்த ஐபோன் 11-இன் 120 பாகைக் கேமராவும் இப்படித்தான் இயங்குகிறது. எடை குறைகிறது, மூலைகளைக் கணினி இழுத்து நீட்டுவதால் அங்கே நுணுக்கமும் குறைகிறது.

தேர்ந்தெடுப்பவருக்கு

உட்புறம் எடுப்பவருக்கு ஒரு சிறு கணக்கு உதவும். நிற்கும் இடத்திலிருந்து எதிர்ச்சுவர் உள்ள தொலைவை 36-ஆல் பெருக்கி, படத்தில் அடங்க வேண்டிய அகலத்தால் வகுத்தால் தேவையான குவியத்தொலைவு கிடைக்கும். 4 மீட்டர் தொலைவு, 6 மீட்டர் சுவர் என்றால் 24 மி.மீ. போதும். 3 மீட்டரிலிருந்து 14 மி.மீ. வில்லை 7.7 மீட்டரை அடக்கும். கணக்குப் பார்த்தால் பல அறைகளுக்கு 12 மி.மீ. தேவைப்படாது. முக்காலி இருப்பதால் எஃப்/2.8-க்குப் பணம் கொடுக்கவும் வேண்டாம், எஃப்/4 போதும். அந்தப் பணத்தைக் கோடு வளையாத வில்லைக்கோ நகரும் வில்லைக்கோ செலவிடலாம்.

நிலக்காட்சிக்காரருக்குக் கோடு சற்று வளைந்தாலும் மலை ஒன்றும் சொல்லாது; கடலின் அடிவானத்தை மட்டும் நடுக்கோட்டுக்கு அருகில் வைத்துக்கொண்டால் சரி. அவருக்கு வேண்டியவை குறைந்த எடை, ஃபில்ட்டர் போடும் வசதி, எதிர்வெயிலில் புள்ளிகள் விழாத கண்ணாடிப் பூச்சு. இரவு விண்மீன்களையும் எடுப்பவரானால் எஃப்/2.8-க்குப் பொருளுண்டு. பகலில் தேவையில்லை: 14 மி.மீ. வில்லையை எஃப்/8-இல் வைத்து ஏறத்தாழ 83 செ.மீ. தொலைவில் குவியப்படுத்தினால் 42 செ.மீ. முதல் அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். அந்த 42 செ.மீ.யில் ஒரு கல்லோ பூவோ இல்லையென்றால் படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாகவும், தொலைவில் உள்ள மலை கடுகளவாகவும் போகும். துருவ ஃபில்ட்டரை மட்டும் அதி அகலத்தில் போட வேண்டாம். வானத்தின் ஒளி சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பட்டையில்தான் மிகுதியாகத் துருவப்படுகிறது. 110 பாகை வானம் ஒரே படத்தில் விழும்போது நடுவே ஒரு கருநீலப் பட்டை நிற்கும்.